பாதி பிளாட்லாக்

காளியாத்தாக்கா ஊடும் எங்க ஊடும் ஒரே லைன்தான், நடுவுல ரெண்டே கதவு. பதினஞ்சு வருசம் பனியன் கம்பெனியில டைலரா இருந்துட்டு, இப்ப ஊட்டுலயே ஒரு ஓவர்லாக் மெஷின் போட்டு சைடு அடிச்சுக் குடுக்குது. காதர்பேட்டை யாவாரி ஒருத்தரு, "குழந்தைங்க பனியன் மூவாயிரம் பீசு, முழுசாத் தச்சுக் குடுங்க"ன்னாரு. ஆனா கீழ மடிச்சு அடிக்கோணும்னா பிளாட்லாக் மெஷின் வேணும். வியாழக்கெழமை ஆளு வந்து பாப்பான், மெஷின் இருந்தா துணி இறக்கறேன், இல்லீனா வேற ஆளுக்குப் போயிரும்னு கறாரா சொல்லிட்டாரு.

அக்காகிட்ட இருந்தது இருவதாயிரம். பழைய மெஷினே நாப்பதாயிரம். குழுக் கடன் மட்டும் வேண்டவே வேண்டாம்னுருச்சு. போன தடவ பையனுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் தவறுனதுக்கு, லைனுக்கே கேக்கற மாதிரி பேசிட்டுப் போனாங்களே, அதான்.

ராயபுரத்துல முஸ்லிமுங்க நடத்தற வட்டியில்லாத சங்கம் ஒண்ணு இருக்குதுன்னு எங்க கம்பெனி கேண்டீன்ல ஒரு பொண்ணு சொன்னா. நம்மளுக்குத்தான் ஒண்ணு காதுல உளுந்தா சும்மா இருக்க முடியாதே. சனிக்கெழமையே அக்காவ ஸ்கூட்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். அட்டைப்பெட்டிக் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. ஜைத்தூன்னு ஒரு அக்கா. மனு எழுதறது, கணக்கு, டீ, எல்லாம் அவங்கதான்.

"எங்களுக்கும் தருவீங்களாங்க?"ன்னு காளியாத்தாக்கா இழுத்துச்சு.

"பெடல யாரு மிதிச்சாலும் ஊசி ஓடுமில்லீங்க. உக்காருங்க."

காசு தர மாட்டாங்களாம். மெஷின சங்கமே நாப்பதுக்கு வாங்கி, நம்மளுக்கு நாப்பத்தி நாலுக்கு விக்குமாம். இருவது மொதல்ல, மிச்சம் மாசம் ரெண்டாயிரம்.

நான் உட்டனா? "அந்த நாலாயிரம் வட்டிதானுங்களே? பேர மாத்திட்டீங்க, அவ்வளவுதான?"

ஜைத்தூனக்கா சிரிச்சாங்க. "எல்லாரும் கேக்கறதுதான். நீ ஆறு மாசம் லேட்டாக் குடுத்தாலும் அது நாப்பத்தி நாலுதான், ஒரு ரூபா ஏறாது. அப்பறம், கடையில வாங்கி உங்களுக்கு விக்கற வரைக்கும் அது எங்க மெஷின். நடுவுல உடஞ்சா எங்களுக்குத்தான் நட்டம்."

"அது அரை மணி நேரம் இருக்குமாக்கா?"

"அரை மணி நேரம்னாலும் எங்களுது. பொருள் நம்ம கைக்கு வராம விக்கக் கூடாது கண்ணு. அந்த நட்டத்த ஏத்துக்காம லாபம் மட்டும் எடுத்தா, நீ சொன்னியே, அந்த வட்டிதான்."

வண்டியில திரும்பி வர்றப்ப பூரா எனக்கு அந்த அரை மணி நேரந்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

திங்கக்கெழமை நான் ஒரு அவசரக் குடுக்கை வேலை பண்ணேன். பழைய மெஷின் விக்கற சென்னிமலை அண்ணன் கடையில நல்ல பிளாட்லாக் ஒண்ணு வந்திருந்துச்சு. அவினாசிக்காரரு ஒருத்தரு அதச் சுத்திச் சுத்தி வந்துட்டிருந்தாரு. எனக்குப் பதறிருச்சு. அக்காவுக்குப் போன் போட்டு, இருவதாயிரத்த வாங்கிக் கட்டி, அக்கா பேர்லயே பில்லு போட்டு, குட்டியானை வண்டியில ஏத்தி ஊட்டுல இறக்கிட்டேன். "மிச்சம் புதன்கெழமைக்குள்ள வரோணும். வரலீனா வண்டி வரும் கண்ணு, பணத்தக் குடுத்துட்டு மெஷினத் தூக்கிருவேன்"னாரு அண்ணன். சங்கந்தான் இருக்குதேன்னு பில்ல போட்டோ எடுத்து ஜைத்தூனக்காவுக்கு அனுப்புனேன், பெருமையா.

உடனே போன் வந்துச்சு. "மோனிஷா, பில்லு யாரு பேர்ல இருக்குது?"

"காளியாத்தாக்கா பேர்லதானுங்க."

"அப்ப மெஷின் அவங்களுதாயிருச்சு. அவங்க மெஷின அவங்களுக்கே நாங்க எப்படி விக்கறது? இப்ப காசு குடுத்தா அது வெறும் கடன். அதுக்கு மேல நாலாயிரம் வாங்குனா வட்டி. சும்மா குடுக்கற கடன் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதும் அஞ்சாயிரம்."

"பில்லக் கிழிச்சுட்டு சங்கத்து பேர்ல போட்டுக்கலாங்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்களுக்குத் தெரியுமில்ல."

நெசமாவே மெஷினக் கடைக்குத் திருப்பிக் குடுத்து சங்கம் வாங்கட்டும்னா, அங்க அவினாசிக்காரரு காசோட நிக்கறாரு. ஊட்டுக்குப் போயி அக்காகிட்ட விசயத்தச் சொன்னேன். திட்டும்னு பாத்தேன், திட்டல. "உன்ர அவசரத்துக்கு ஒரு பூட்டுப் போடோணும்"னுட்டு மெஷின் மேல இருந்த தூசியத் தொடச்சுச்சு. அப்பறமா, "அந்த அம்மிணிக்குப் போனப் போடு"ன்னுச்சு.

ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, முழுசா விக்க முடியாது, சரி. பாதிய நீங்க எங்கிட்ட இருந்து வாங்கிக்கலாமுங்களா?"

"பாதியா?"

"எங்க ஊத்துக்குளிப் பக்கம் எருமைய அப்பிடித்தானுங்க பங்குக்கு வளப்பாங்க. எருமை ரெண்டு பேருக்கும். பாத்துக்கறது ஒருத்தரு, பால் காசுல அடுத்தவங்களுக்கும் பங்கு. எருமை செத்தா நட்டமும் ரெண்டு பேருக்கும். நீங்க பாதிக்கு இருவதக் குடுங்க, கடைக்காரருக்குக் கட்டிர்றேன். உங்க பாதிக்கு மாசா மாசம் வாடகை தர்றேன். முடியறப்ப உங்க பங்க கொஞ்சங் கொஞ்சமா வாங்கிக்கறேன்."

அந்தப் பக்கம் நோட்டுப் பொரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் ஜைத்தூனக்கா, "இது எங்க மார்க்கச் சட்டத்துல இருக்குதுங்க. பெரிய பெரிய கட்டடத்துக்குப் பண்ணுவாங்க. ஒரு தையல் மெஷினுக்கு நாங்க பண்ணுனதே இல்ல. மார்க்கம் படிச்ச ஹஜ்ரத்து ஒருத்தரு சங்கத்துல இருக்காரு, அவரக் கேக்கோணும்"னாங்க.

செவ்வாக்கெழமை மத்தியானம் ஜைத்தூனக்காவும் சங்கத்து ஹஜ்ரத்தும் நேர்லயே வந்துட்டாங்க. நான் லீவு போட்டுட்டேன், இத உட முடியுமா? ஹஜ்ரத்து மெலிஞ்ச மனுசன். வந்ததும் மெஷினச் சுத்தி வந்து, ஓட்டிக் காட்டச் சொன்னாரு. அக்கா ஒரு துண்டுத் துணிய மடிச்சு அடிச்சுக் காட்டுச்சு.

"எண்ணெய், ஊசியெல்லாம் யாரு செலவும்மா?"

"தீவனம் வளக்கறவங்களுதுதானுங்க சாமி. அது எஞ்செலவு."

"மோட்டார் எரிஞ்சா?"

"அது சீக்கு. நான் பாத்துக்காம உட்டிருந்தா எம்மேல. தானா வந்தா உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி."

"ரிப்பேர்ல ஒரு மாசம் கெடந்தா? வாடகை?"

அக்கா அவர ஒரு மாதிரி பாத்துச்சு. "மடி வத்துன மாசம் யாருங்க பால் கேப்பாங்க?"

ஹஜ்ரத்து ஜைத்தூனக்கா பக்கந் திரும்பி, "இவங்க சொன்னத அப்படியே எழுதும்மா. நாம ஒண்ணும் சேக்க வேண்டாம்"னாரு.

எனக்கு வாயி அரிச்சுது. "ஏனுங்க ஹஜ்ரத், அப்ப அந்த வாடகை..."

"இவள உக்காரச் சொல்லுங்க சாமி, பொழுது உளுந்துரும்"னுச்சு அக்கா.

புதன்கெழமை காலையில சென்னிமலை அண்ணனுக்குக் காசு போயிருச்சு. வியாழக்கெழமை யாவாரி ஆளு முருகேஷ் வந்தான். ஒரு பனியன அடிக்கச் சொல்லி, தையல இழுத்து இழுத்துப் பாத்தான். பிரியல. சாயந்தரம் துணி வந்து இறங்குச்சு, கதவத் தொறக்க முடியாத அளவுக்கு.

அந்த மூவாயிரம் முடிஞ்சு இப்ப ரெண்டாவது லோடு ஓடிட்டிருக்குது. சங்கத்துல இதே மாதிரி இன்னும் ரெண்டு பேருக்குப் பண்ணலாமான்னு யோசிக்கறாங்களாம். நேத்து நான் அக்கா ஊட்டுல உக்காந்து நூல் வெட்டிட்டு இருந்தப்ப ஜைத்தூனக்கா போன் பண்ணாங்க. "எங்க பாதி நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க அம்மிணி. நேத்து ராத்திரி சித்த சத்தம் போட்டுச்சு. எம்பாதியா உங்க பாதியான்னுதான் தெரியல"ன்னு சொல்லிக்கிட்டே அக்கா கால பெடல்ல வச்சுச்சு.