வெறும் கண்ணாடியில் தெரிந்த கொத்துகள்

சாதாரண நுண்ணோக்கியில் செல்லின் சவ்வு மங்கலான ஒளிக்கோடாகத்தான் தெரியும். புதிய கருவி அப்படியல்ல. சாயம் ஏற்றிய புரதங்களைச் சிலசிலவாக மினுங்கவிட்டு, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைக் குறித்து, இருபதாயிரம் படங்களிலிருந்து துல்லியமான ஒரே படத்தைத் தரும். அதில்தான் புரதங்கள் கொத்துக் கொத்தாக நிற்பதை ஆராய்ச்சியாளரான அவள் கண்டாள். ஆய்வுக்கூடமே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

கருவியைப் பார்த்துக்கொள்பவனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எல்லோரும் அவனை 'லேசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாராந்தரக் கூட்டத்தில் கையைத் தூக்கினான்.

"மேடம், ஒரே சாய மூலக்கூறு நாலஞ்சு தடவ மினுங்கும். கணக்குல நாலஞ்சு புரதமா விழுந்துரும். செல்லே இல்லாம, வெறும் கண்ணாடித் தகட்டுல சாயத்த மட்டும் தூவி ஒரு தடவ பாத்துரலாமே? அதுலயும் கொத்து தெரிஞ்சா, அது சாயத்தோட வேலதான்."

"நீங்க மெஷினப் பாருங்க, லேசர். செல்ல நான் பாத்துக்கறேன்."

அறையே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கொத்துகளைப் பற்றிய அவள் கட்டுரை வெளிவந்த எட்டாம் மாதம், வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: 'வேறு சாயத்தில் பார்த்தோம். கொத்துகளே இல்லை.'

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வெறும் கண்ணாடியில் சாயத்தைத் தூவிப் பார்த்தாள். திரையில் அச்சு அசலாக அதே கொத்துகள். பின்னால் லேசர் வந்து நின்றது தெரிந்ததும், படத்தை மூட அவள் கை தானாக மவுஸுக்குப் போனது. கூசிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கூட்டத்துக்கு மறுநாளே எடுத்துப் பாத்தேன், மேடம்."

"ஏன் சொல்லல?"

"திரும்பவும் எல்லாரும் சிரிப்பாங்கன்னு…" தரையைப் பார்த்தான். "நான் சொல்லாம விட்டதும் தப்புதான்."

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்தாள். "கட்டுரைய வாபஸ் வாங்கறோம். லேசர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் அவர் வாய அடைச்சேன்." ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் கணவர் தேற்றினார். "தப்பு பண்ணாதவங்க யாரு? அதான் ஒத்துக்கிட்டியே."

"தப்பு பண்ணதக்கூட விடுங்க. நானும் சேந்து சிரிச்சேங்க."

லேசர் பழையபடிதான் பேசுகிறான். அவன் வாயெடுத்தாலே அவள் தலை குனிந்துவிடுகிறது.