தக்கை முங்கியபோது

டிசம்பர் மாத வாடைக்காற்று கோத்தா திங்கி ஆற்றைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பெருகி ஓடிய செந்தண்ணீரில் குணாளனின் தூண்டில் தக்கை குரங்குக்குட்டி மாதிரி துள்ளியது. மீன் இழுக்கிறதா, காற்று இழுக்கிறதா என்று தெரியாமல் பத்துத் தடவை தூண்டிலைச் சுண்டிவிட்டான். பத்துத் தடவையும் வெறும் முள்தான் வந்தது.

பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்த மதிவாணனுக்குக் கை ஊறியது. இந்த ஆற்றில் அவனைப் போலத் தக்கை பார்க்கிறவன் கிடையாது. ஆனால் மனைவி ஷாமளாவுக்கு இது ஆறாவது மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாதென்று தமிழர் வீட்டிலும் சொல்வார்கள், பக்கத்து மலாய்க்காரர் வீட்டிலும் சொல்வார்கள். இரண்டாவது போன அன்று அவன் தூண்டிலும் கையுமாக இங்கேதான் இருந்தான். இந்தத் தடவை அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுகிறான்.

குணாளன் ஷாமளாவின் சொந்த அண்ணன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவன் கார்தான். அதனால் 'சும்மா கூட வா' என்று விடியுமுன் வந்து நின்றவனிடம் மதிவாணனால் மறுக்க முடியவில்லை.

"ஈயக்குண்டு பத்தாது மச்சான். இன்னும் ரெண்டு போடுங்க. கோல் நுனியத் தண்ணிக்குள்ள முக்கிப் பிடிங்க, தூண்டில் நரம்பு காத்துல ஆடாது."

மதிவாணன் சொன்னானே தவிர கோலைத் தொடவில்லை. வாயால் சொல்வது கொலையாகாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

தக்கை அடங்கி நின்றது. குணாளனுக்கு வயிறு எரிந்தது. பத்து வருடமாக இந்தக் கரையில் இவனிடம் தோற்றது போதாதா?

"இந்தா பிடி மாப்ள, ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்."

"வேணாம் மச்சான்."

"கோலப் பிடிச்சாலும் பாவமாலா?" மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

கோல் கைக்கு வந்ததும் மதிவாணனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. தக்கை சாய்ந்தது, நிமிர்ந்தது, காற்றுக்கு எதிராக நகர்ந்து முங்கியது. அவன் யோசிக்கவில்லை. மணிக்கட்டு தன்பாட்டுக்குச் சுண்டியது. கனத்த மீன் ஒன்று கரையில் விழுந்து துடித்த பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வந்தது. பாவி, என்ன செய்துவிட்டேன்!

"சிக்கினான்லா சாமி!" மரத்தடியில் குணாளன் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். குடும்பத்து வாட்ஸ்அப்புக்கு அப்போதே அனுப்பியும்விட்டான்.

மதிவாணன் மண்டியிட்டு முள்ளைக் கழற்றினான். மீனைத் தூக்குவதற்குள் குணாளன் பிடுங்கிக்கொண்டான்.

"தண்ணில விட்டுடுங்க மச்சான். உங்க தங்கச்சிக்காக."

"அவ பைத்தியத்துக்கு மீன் என்னலா பண்ணும்?" என்றபடி கத்தியை இறக்கினான். மஞ்சள் மஞ்சளாக முட்டை வழிந்து சேற்றில் கொட்டியது. மீனின் வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மதிவாணனின் கைப்பேசி அடித்தது. ஷாமளா. திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை.

"ஏங்க, படத்துல உயிரோடதான இருக்கு? தண்ணில விட்டுட்டீங்களா?"

அவன் சேற்றைப் பார்த்தான். "விட்டுட்டேன்மா."

"நீந்திப் போச்சா?"

"போச்சு."

குணாளன் குனிந்து கைப்பேசிக்குப் பக்கத்தில் கத்தினான்: "எங்க போச்சு? வயித்தக் கிழிச்சாச்சு, உள்ள பூரா முட்ட! சாயந்திரம் கொழம்பு வெச்சிரு!"

மதிவாணன் அவள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"விடிஞ்சதுலேருந்து பிள்ள அசையலைங்க," என்றாள் கடைசியில். "மீன விட்டா அசையும்னு நெனச்சேன்."

குணாளனின் காதிலும் அது விழுந்தது. அவன் கார் சாவியைத் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவினான். கையெல்லாம் முட்டையாக இருந்தது.