எரித்த கதையில் முளைத்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்கு முன்னால் ஒரு கதை எழுதினேன். அதைக் கொல்லை மூலையில் விறகு போட்டு எரித்தேன். அந்தச் சாம்பலில் முளைத்ததுதான் இது.

எல்லாவற்றுக்கும் காரணம் காளான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் கணவர். போன வருடம் பத்திரிகையில் வந்த என் கதையில் அவருடைய குறட்டையை அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். அலுவலகமே அவரை 'மாவு மில்' என்று கூப்பிட ஆரம்பித்தது. நாலு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எழுதினேன். பயந்துபோய் எரித்தேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "கருகிய மண்ணில் விடியலின் நிறத்தில் ஒரு

வேண்டாம். காளானுக்கே அடுக்காது.

இரண்டாம் முயற்சி: மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் துணி உலர்த்தப் போன கணவர் வாளியை வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் கிண்ணம்போல மூன்று காளான்கள். பூதக்கண்ணாடி வந்தது.

"ஓரத்துல பழுப்பு முடி தெரியுது பாரு. எட்டு வருஷமா தேடுறேன். இது எரிஞ்ச மண்ணுலதான் வரும்."

"அப்படியா?" என்றேன். [இந்த 'அப்படியா'வை ஆறு தடவை மாற்றி எழுதினேன். எப்படி எழுதினாலும் குட்டு வெளிப்படுகிறது.]

"நம்ம கொல்லையில யாரு தீ வச்சா?"

3

என் பாத்திரம் சொல்லக்கூடிய பதில்: சருகு எரித்தேன். (கொல்லையில் மரமே இல்லை.)

அதற்குள் அவர் செங்கல்லுக்கு அடியிலிருந்து கருகாத காகிதத் துண்டு ஒன்றை உருவிவிட்டார். என் கையெழுத்து. 'மாவு மில்' மட்டும் முழுசாகப் பிழைத்திருந்தது.* மனுஷன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"மூணுதான் இருக்கு. இதுதான்னு உறுதி பண்ண இன்னும் பத்து காளானாவது வேணும்" என்றார். பிறகு, "இப்ப என்ன எழுதிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க."

"எத்தனை பக்கம்?"

"ரெண்டு."

தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "நான் தொட மாட்டேன். நீயா பாத்துச் செய்."

* இந்தக் கதையிலும் குறட்டை நாலு வரி இருந்தது. அடித்துவிட்டேன். நல்ல வரிகள்.

4

எரித்தால் அவருக்குக் காளான், எனக்கு மன்னிப்பு. எரிக்காவிட்டால் உங்களுக்குக் கதை, எனக்கு மறுபடியும் மௌனம். இந்தத் தடவை அது நாலு நாளோடு நிற்காது. அந்த மௌனம் எனக்குத் தாங்காது, கதையைக் கொளுத்தவும் மனசு வரவில்லை.

ஆகவே காகிதத்தை உங்களிடம் தந்துவிட்டேன். ஒன்று மட்டும்: எரிப்பதாக இருந்தால் உங்கள் வீட்டில் எரிக்காதீர்கள். எங்கள் கொல்லைக்கு வாருங்கள். துணிக்கொடிக்குப் பக்கத்தில் அவர் இடம் கூட்டி வைத்திருக்கிறார்.