முகவீட்டை விட்டு இறங்கிய நாள்

பழைய நகரத்தின் சந்துகளில் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய், எந்தக் கட்டடத்தை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. கூட்டத்தில் ஒருவரும் பிரிந்து போய்விடக் கூடாதென்று ஒரு மஞ்சள் குடையை மடக்கியபடியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். அந்தப் பகுதிக்காரர்களுக்கு அவள் பெயர் தெரியாது. குடைக்காரி என்றால் கடைவாசலில் தூங்குகிற நாய்க்குக்கூடத் தெரியும்.

நடை பழைய சுங்கச் சாவடியில் ஆரம்பித்து, அச்சகத் தெரு வழியாகப் போய், முகவீட்டில் முடியும். அது மூன்று மாடிக் கல் கட்டடம். ஒவ்வொரு சன்னல் வளைவின் நடுவிலும் ஒரு கல் முகம். ஒன்று சிரிக்கும், ஒன்று முறைக்கும், ஒன்று பல்வலிக்காரனைப் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டிருக்கும். "அந்த மூணாவது முகம் இருக்கே, அது கட்டினவரோட மாமியாராம். வாயை மூடுன மாதிரி செதுக்கச் சொன்னது மருமகனோட ஆசை," என்பாள். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இருநூறு வருஷமா நிக்குது. நாம போனதுக்கப்புறமும் இன்னொரு இருநூறு வருஷம் நிக்கும்," என்று முடிப்பாள். அந்த இடத்தில் கைதட்டல் விழாத நாள் கிடையாது.

மேல்மாடியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வீட்டில் அவளும், பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த மாமனாரும் மட்டும்தான். வெளிச்சத்துக்காகத் தையல் இயந்திரத்தைச் சன்னலை ஒட்டிப் போட்டிருந்தாள். தினமும் கீழே ஒரு கூட்டம் வந்து தலையை அண்ணாந்து படம் பிடிப்பது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் சன்னலில் எட்டிப் பார்த்து, "நாங்க என்ன கண்காட்சிக்கா குடியிருக்கோம்? துணி காயப்போடக்கூட முடியலையே!" என்று கத்தினாள். குடைக்காரி மன்னிப்புக் கேட்கும் பாவனையில் குடையைத் தாழ்த்தினாள். மறுநாளும் வந்தாள். வேலை அப்படி.

மாமனார் முன்பு நகரப் பேருந்து ஓட்டியவர். கீழே அந்தக் குரல் கேட்கும் நேரத்துக்கு முன்னாலேயே, "குடைக்காரி வந்தாச்சாம்மா? சன்னலைக் கொஞ்சம் திற," என்பார். மருமகள் முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிடுவாள். மாமியார் நகைச்சுவைக்கு அவர் தினமும் புதிதாகக் கேட்டதைப் போலச் சிரிப்பார். தன் பேச்சைக் கட்டிலில் படுத்தபடி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது குடைக்காரிக்குத் தெரியாது.

கீழ்த்தளம் நெடுங்காலம் சரக்குக் கிடங்காகக் கிடந்தது. தெருவுக்கு ஆள் நடமாட்டம் பெருகியதும் கட்டடத்தின் சொந்தக்காரர் அதைக் காப்பிக் கடையாக மாற்றத் தொடங்கினார். முன்புறம் பலகை அடித்து மறைத்துவிட்டு உள்ளே சம்மட்டி அடி ஓயாமல் விழுந்தது. குடைக்காரி அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

ஒரு காலை மாமியார் முகத்தை நோக்கிக் குடையை நீட்டியவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். முகத்தின் தாடையிலிருந்து கீழ்ச் சன்னல் வரைக்கும் ஒரு கோடு ஓடியது. அது புதிது. அந்தச் சுவரை அவளைவிட அதிகம் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. நடை முடிந்ததும் போனில் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். போன மாதப் படத்தில் சுவர் சுத்தமாக இருந்தது.

அவள் கொழுந்தன் கொத்தனார்களை வைத்துக் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். இரண்டு படத்தையும் அவனுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"அண்ணி, இப்ப எங்க நிக்கிறீங்க?"

"அதுக்குக் கீழதான்."

"முதல்ல எதிர்ப்பக்கம் போங்க. அப்புறம் பேசலாம்."

சாயங்காலம் ஏணியோடு வந்து, விரிசலின் மேல் குறுக்கே ஒரு சாந்துப் பட்டை பூசினான். "இது காய்ஞ்சா கண்ணாடி மாதிரி, அண்ணி. சுவர் துளி அசைஞ்சாலும் உடைஞ்சிரும். உடையலேன்னா பயமில்ல." இறங்கிப் பலகை இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் செத்துவிட்டது. "நடுச்சுவரையே எடுத்துட்டானுங்க. ரெண்டே ரெண்டு இரும்புக் குழாயை முட்டுக் குடுத்திருக்கானுங்க."

மறுநாள் காலையில் அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் வெளியில் போயிருந்தார். கட்டடப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"கட்டடம் உங்களுதா?"

"இல்லைங்க."

"குடியிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்புறம் உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நான் தினமும் அதைப் பாக்குறேன் சார்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது அற்பமாகப் பட்டது. எழுத்தில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் ஒரு கூட்டத்தோடு முகவீட்டுக்கு வந்தபோது பட்டை இரண்டாக உடைந்திருந்தது. இடையில் விரல் நகம் நுழைகிற இடைவெளி. அவள் கூட்டத்தை எதிர்ச் சாரிக்கு நகர்த்திவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"ஆளுங்களை இறக்குங்க அண்ணி," என்றான். "நான் ஆபீசுக்குப் போய் அந்த இன்ஜினியரைக் கையோட இழுத்துட்டு வரேன்."

பலகையைத் தட்டிக் கூப்பிட்டதும் சம்மட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தவர்கள் சாமானைக்கூட எடுக்காமல் வெளியே வந்தார்கள். முதல் மாடி பூட்டிக் கிடந்தது. இரண்டாம் மாடியில் இரண்டு தாதிப் பெண்கள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், விஷயம் புரிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள். தையல்காரி வாயில் ஊசியோடு திறந்தாள். குடையைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"இப்ப வீட்டுக்குள்ளயும் கூட்டிட்டு வந்தாச்சா?"

"அக்கா, உடனே இறங்கணும். சுவர் நகருது. எப்ப வேணா விழும்."

தையல்காரி ஊசியை எடுத்து ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டாள். "யாரு சொன்னது?"

"நானே பாத்தேன் அக்கா. என் கொழுந்தனும் பாத்தாரு."

"நேத்து வரைக்கும் இருநூறு வருஷம் நிக்கும்னு கத்தினது யாரு? நீதானே? மழையா வெயிலா, ஒரு நாள் விட்டியா? இன்னிக்கு வந்து விழப்போகுதுங்கிற. உன் வாய்க்கு எது வருதோ அதானா?"

குடைக்காரி குடையைத் தாழ்த்தினாள். "அது கூட்டத்துக்காகச் சொன்னது அக்கா."

"உன் கூட்டத்தாலதான் இந்தத் தெருவுக்கே இவ்வளவு ஆள். ஆள் வந்ததாலதான் அந்த ஆளு கடை போடுறான். இப்ப எங்களை இறங்கச் சொல்றியா? படுத்த படுக்கையா கெடக்குற மனுஷனைத் தூக்கிட்டு நான் எந்தத் தெருவுல போய் நிக்கிறது? ஒரு தடவை வெளியேறினா திரும்பவும் இந்த வீட்டை எனக்குத் தருவானா அவன்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. குடைக்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா? குடைக்காரியா?"

"நீங்க சும்மா இருங்க மாமா."

"உள்ள வரச் சொல்லு."

அவள் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "குரலுக்கு ஆள் இன்னும் உயரமா இருப்பேன்னு நெனச்சேன்," என்றார். "பொண்ணே, நிசமாத்தான் சொல்றியா?"

"நிசம்தான் பெரியவரே."

"நடுங்குறே."

"பயமா இருக்கு."

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "நாப்பது வருஷம் வண்டி ஓட்டினேன்ம்மா. பிரேக்குல சத்தம் மாறினா வண்டியை ஓரங்கட்டிருவேன். இவ குரல் இன்னிக்கு மாறியிருக்கு. கிளம்பு."

தையல்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமனாரின் இடுப்பில் போர்வையைச் சுற்ற ஆரம்பித்தாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது; துடைக்கவில்லை.

குடைக்காரி சன்னல் வழியாகக் கீழே கூப்பிட்டாள். அவள் கூட்டத்தில் வந்திருந்தவர்களில் நாலு பேர் மேலே ஓடி வந்தார்கள். ஊர் பார்க்க வந்தவர்கள். கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியுமாக இருந்தார்கள். நாற்காலியோடு சேர்த்துக் கிழவரைத் தூக்கினார்கள். மாடிப்படி குறுகல். ஒவ்வொரு மடக்கிலும் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. "திருப்பத்துல ஹாரன் அடிங்கப்பா," என்றார் கிழவர். தூக்கினவர்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்து, மூச்சு வாங்கி நிறுத்திக்கொண்டார். தையல்காரி ஒரு பையில் மருந்தையும் போர்வையையும் திணித்துக்கொண்டு பின்னால் வந்தாள். தையல் இயந்திரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

எதிர்ச் சாரி நடைபாதையில் நாற்காலியை இறக்கினார்கள். கிழவர் படுத்த பிறகு தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா காதாலதான் பாத்தேன். சொல்லு பொண்ணே. முழுசாச் சொல்லு."

"இப்பவா?"

"இப்பத்தானே கீழ இருக்கேன்."

அவள் சொன்னாள். கல் எங்கிருந்து வந்தது, செதுக்கியவர்கள் அண்ணன் தம்பிகள், பாதி வேலையில் இருவருக்கும் சண்டை வந்து இடப்பக்க முகங்கள் எல்லாம் முறைப்பதும் வலப்பக்க முகங்கள் எல்லாம் சிரிப்பதும் என்று ஒன்றும் விடவில்லை. கூட்டத்தில் ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. மாமியார் முகம் வந்ததும் கிழவர் கண்ணைச் சுருக்கித் தேடினார். அவள் அருகில் குனிந்து கைநீட்டிக் காட்டினாள். முகத்தின் தாடையில் விரிசல் கறுப்பாகத் தெரிந்தது.

வழக்கமாக முடிக்கிற இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் ஒண்ணு சொல்லுவியே," என்றார் கிழவர்.

அவள் மாட்டேனென்று தலையை ஆட்டினாள்.

"சரி, விடு," என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பொறியாளர் மத்தியானத்துக்கு மேல் வந்தார். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, வாசலை மறித்து நாடா கட்டச் சொன்னார். குடியிருந்தவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் இடம் கொடுத்தார்கள். உயரமான கூரை, அணையாத விளக்குகள், ஈரத் தரை. கிழவருக்கு அங்கே தூக்கம் பிடிக்கவில்லை. சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

செய்தி கேட்டுக் குடைக்காரி ஓடினாள். கூடத்தின் மூலையில் தையல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அவர் கட்டில்ல, அவர் சன்னலுக்குப் பக்கத்துல போயிருக்க வேண்டிய உசிரு. அந்தக் கட்டடம் இன்னும் நிக்குதுடி. போய்ப் பாரு. நல்லா நிக்குது."

குடைக்காரி போய்ப் பார்க்கவும் செய்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள், இது விழுந்து தொலைத்தால் தேவலை என்று மனசில் ஓடியது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் என்னவென்று கேட்டான். "நான் செஞ்சது சரின்னு தெரியறதுக்கு ஒரு வீடு விழணுமாங்க?" என்றாள். அவன் தட்டை எடுத்து வைத்தான்.

மழை விடாமல் பெய்து, விட்ட பிறகு நல்ல வெயிலில் முகவீடு விழுந்தது. தெருவில் யாரும் இல்லை. முன்சுவர் முழுதும் ஒரே சரிவாக இறங்கியது என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். குடைக்காரி வந்தபோது புழுதி அடங்கியிருந்தது. முகங்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை. மேல்மாடி அறை தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. நீலச் சுவர், ஆணியில் தொங்கும் ஒரு சட்டை, சரிந்த தரையின் விளிம்பில் கட்டில். சன்னல் இருந்த இடத்தில் வானம்.

கூட்டத்தில் தையல்காரி நின்றிருந்தாள். சுற்றிலும் போன்கள் உயர்ந்திருந்தன. குடைக்காரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். தையல்காரி திரும்பிப் பார்க்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிய பிடி, வலித்தது.

"அந்தச் சட்டையைத் துவைச்சு மாட்டினேன்," என்றாள். "அவருக்குப் போட்டுவிடலாம்னு."

நடை நடத்தும் நிறுவனத்து முதலாளி அடுத்த வாரமே கூப்பிட்டார். இடிந்த கட்டடத்தைப் பார்க்க நிறையப் பேர் கேட்கிறார்கள், நடையில் அதைச் சேர்க்க வேண்டும் என்றார். அவள் முடியாதென்றாள். வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றார். வைத்துக்கொள்ளச் சொன்னாள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். நடை இப்போது அச்சகத் தெருவிலேயே முடிகிறது.

விசாரணை பல மாதம் கழித்து வந்தது. சுவர் பழசு, தானாக விழுந்தது என்பது கட்டடச் சொந்தக்காரரின் வாதம். குடைக்காரிக்கும் தையல்காரிக்கும் சாட்சி சொல்ல அழைப்பு வந்திருந்தது. விசாரணை அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரிக்கு நகரத்தின் மறுகோடியில் நகராட்சிக் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்; கணவன் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயிருந்தான். வேறு ஒரு பழைய இயந்திரம் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். குடைக்காரி பாட்டிலை நீட்டினாள். பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் மேல கோவம் இன்னும் போகல," என்றாள் தையல்காரி.

"சரி அக்கா."

"போகுமான்னும் தெரியல. ஆனா நீ அன்னிக்கு வாசல்லயே நின்னே பாரு, நான் அவ்வளவு பேசியும். அதுவும் நெனப்புல இருக்கு."

கதவு திறந்து, முதலில் யார் வருவது என்று ஒருவர் கேட்டார். குடைக்காரி எழுந்தாள். தையல்காரி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ இரு. அந்தச் சம்மட்டிச் சத்தத்தை மேல இருந்து கேட்டவ நான். நான் முதல்ல சொல்றேன்."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிய பிறகும் அவள் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.