நாற்பத்தேழாம் நம்பர் துண்டு

அந்தக் கம்பெனியில் பொம்மைக் கப்பல்களுக்கு அச்சு வெட்டுகிறவரை எல்லாரும் அச்சுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்புக் கட்டையில் அவர் குழி வெட்டிக் கொடுப்பார். அதில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தினால் கொடிமரமும் நங்கூரமும் புகைபோக்கியும் துண்டு துண்டாக வந்து விழும். வாங்குகிறவர்கள் நம்பர் பார்த்துப் பசை போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியது. மனுஷர் தங்கமானவர். வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுதான் செய்திருக்கிறார்.

அதுவும் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், பெண்டாட்டியின் நச்சரிப்புத் தாங்காமல். சமையலறை ஜன்னலில் கொக்கி உடைந்து, காற்றடித்தால் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. "ஊருக்கெல்லாம் கப்பல் செய்யறீங்க, வீட்டுக்கு ஒரு கொக்கி செய்ய வக்கில்ல" என்றாள் அந்த அம்மாள். சுருக்கென்று தைத்துவிட்டது. அப்போது வெட்டிக்கொண்டிருந்த நீராவிக் கப்பல் அச்சின் மூலையில் கொஞ்சம் காலியிடம். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஜன்னல் கொக்கியை அதில் வெட்டினார். சோதனை ஓட்டத்தில் விழுந்த முதல் கொக்கி அவர் சட்டைப்பையில் வீட்டுக்குப் போனது. அளவு பிசகி, அது மாட்டவே இல்லை என்பது வேறு கதை. ஜன்னலை இன்றுவரை கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். குழியை மறுநாள் அடைத்துவிடலாம் என்றிருந்தார். மறுநாள் பார்த்து நல்ல ஜுரம். பத்து நாள் படுக்கை.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் கம்பெனியில் யாரும் யாரையும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. நம்பர் குத்துகிறவர், அச்சில் என்ன இருக்கிறதோ அதற்கெல்லாம் குத்துவார்; கொக்கிக்கு நாற்பத்தேழு விழுந்தது. ஒட்டும் முறைக்குப் படம் போடுகிறவர் நாற்பத்தேழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டால், இவருக்குக் கப்பலே தெரியாது என்று ஆகிவிடுமே! புகைபோக்கியின் பின்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஜுரம் தெளிந்து அச்சுக்காரர் வந்தபோது பெட்டிகள் லாரி ஏறியிருந்தன. வாயைத் திறப்பாரா? மென்று முழுங்கினார்.

காலம் மாறியது. உட்கார்ந்து ஒட்டுகிற பொறுமை இப்போது யாருக்கு இருக்கிறது? விமானம் நின்றது, பீரங்கி வண்டி நின்றது. நாலு கூடத்தில் மூன்றைப் பூட்டியாயிற்று. அதில் ஒன்றில் நாய் குட்டி போட்டிருந்தது. மிச்சம் அந்த நீராவிக் கப்பல் ஒன்றுதான். அசல் கப்பல் துறைமுகத்தில் காட்சிசாலையாக நின்றது. அதன் வாசலிலேயே பெட்டிகளை விற்க முதலாளி ஒப்பந்தம் பேசியிருந்தார்.

"அவங்க ஆள் வந்து அசலோட ஒத்துப் பாப்பாங்க. ஒரு ஆணி பிசகினாலும் கம்பெனிக்குப் பூட்டுதான்" என்றார் முதலாளி.

அச்சுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். தன் ஒரு கொக்கியால் நாற்பது பேர் பிழைப்பு போகப் போகிறதே! நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"ஐயா, நாப்பத்தேழு கப்பல் துண்டே இல்லீங்க. எங்க வீட்டு ஜன்னல் கொக்கி."

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கவலையில உங்களுக்கு மூளை குழம்பியிருக்கு. போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க."

காட்சிசாலையிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் பூதக்கண்ணாடியோடு வந்தார். நாற்பத்தாறு வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனவர், நாற்பத்தேழில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தாம்மா தப்புப் பண்ணேன்" என்று அச்சுக்காரர் முன்னால் போய் நின்றார்.

"நீங்க என்ன தப்புப் பண்ணீங்க? தப்பு எங்களோடது!" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பொம்மையை ஒட்டி வளர்ந்தவங்கதான் கப்பலைப் பாக்க வர்றாங்க. நாப்பத்தேழு எங்கேன்னு கேட்டு எங்களைப் பிச்சுப் பிடுங்கறாங்க. ரிப்பேர் பாத்தப்ப எங்க ஆளுங்கதான் எங்கயோ கழட்டிப் போட்டிருக்கணும். வெளிய சொல்லிடாதீங்க. அசல் அளவுல ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

"அய்யோ, இது ஜன்னல் கொக்கிம்மா!"

"ஜன்னல் கொக்கியா?" அந்த அம்மாள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "பாருங்க, பேர்கூட எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

ஒப்பந்தம் அன்றைக்கே கையெழுத்தானது. பொம்மை நூறில் ஒரு பங்கு அளவு. ஆகவே அசல் நூறு மடங்கு. அடேயப்பா! மூன்று ஆள் உயரத்துக்கு இரும்பில் ஒரு ஜன்னல் கொக்கி செய்து, கிரேன் வைத்துத் தூக்கி, புகைபோக்கியின் பின்னால் முடுக்கினார்கள். கீழே பலகை: 'ஜன்னல் கொக்கி. இதன் பயன் குறித்து ஆய்வு நடக்கிறது.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் ஒருவர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "இது மட்டும் இல்லேன்னா கப்பல் அப்பவே முங்கியிருக்கும்."

"எங்க வீட்டுக்காரர் எனக்காகச் செஞ்சதுங்க அது" என்றாள் அந்த அம்மாள், சத்தமாகவே. குடும்பம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டது. அச்சுக்காரருக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கொக்கியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவள் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதாவது மாட்டுமா?"

"இங்க மாட்டறதுக்கு எதுவும் இல்லையேம்மா."

"அப்ப நம்ம வீட்டுது தேவல. கயிறாவது இருக்கு."