கார்ப்பெட்டுக்குக் கீழே

அண்ணனுடைய காரின் பின்சீட்டைப் பிரித்ததும் முதலில் வந்தது நாற்றம். எலி மூத்திரம், மக்கிப்போன நார், எப்போதோ செத்த ஏதோ ஒன்று. முப்பது வருஷமாக வண்டிகளுக்கு சீட் தைக்கிறேன். குழந்தை வாந்தியெடுத்த சீட், நாய் குட்டி போட்ட சீட் எல்லாம் பார்த்தவள் நான். இதற்கு மட்டும் வெளியே ஓடிப்போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன். "அவளை அப்படிப் பாக்காதே, பாவம்" என்றான் அண்ணன்.

அவள் என்றால் கார். அறுபது வயதுக் கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எங்கிருந்தோ இழுத்து வந்து வீட்டு ஷெட்டில் நிறுத்தினான். கட்டின மனைவியை "ஏய்" என்று கூப்பிடுகிறவன் இதைக் "கண்ணு" என்கிறான். ஒரு கதவுக் கைப்பிடிக்காக நாலு மாதம் நாயாக அலைந்தான். அண்ணிக்கு மூக்குக் கண்ணாடி மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு ஒரு வருஷமாக அலமாரியில் தூங்குகிறது. இப்போது பம்பரில் முகம் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி ஒரு பளபளப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம், எண்பது கிலோமீட்டர். அண்ணன் ஓட்டுவான், அண்ணி பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். பின்சீட்டில் ஒரு பெண் இருந்தால் எடுப்பாக இருக்குமாம். சீட்டும் கார்ப்பெட்டும் என் பொறுப்பு.

கார்ப்பெட்டுக்கு அளவெடுக்கப் பழைய விரிப்பை உரித்தேன். கீழே தரை என்று ஒன்று இல்லை. எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, நாலு ரிவெட் அடித்து, தார் பூசி வைத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன். நமுத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று. ஓட்டைக்குள் ஷெட்டின் சிமெண்டும், கையெட்டும் தூரத்தில் பின்சக்கரங்களைச் சுழற்றுகிற இரும்புத் தண்டும் தெரிந்தன. அதில் ஒரு துணி நுனி சிக்கினால் போதும், ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

பழைய சொந்தக்காரன் பார்த்த வேலை என்று அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் சொன்னான். கார்ப்பெட்டைத் தூக்கி யாரும் பார்க்க மாட்டார்கள், ஊர்வலத்தில் பரிசு கொடுப்பது வெளித்தோற்றத்துக்குத்தான் என்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில், சனிக்கிழமைக்குள் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுவதாகத் தலையில் அடித்து சத்தியம் செய்தான்.

நம்பினேன். நம்பி, அடியில் இரட்டைக் கம்பளி கொடுத்து, ஓரம் அடித்து, ஒரு சுருக்கம் விழாமல் தைத்தேன். கீழே பள்ளம் இருந்தால் கூடக் காலுக்குத் தெரியாத அளவுக்கு அழுத்தமான கார்ப்பெட். நினைத்தால் இப்போது என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சுருட்டிக்கொண்டு போனேன். வெல்டிங்கை வெளியே எங்காவது வைத்துச் செய்திருப்பார்களோ என்னவோ, கருகல் எதுவும் ஷெட்டில் இல்லை. அண்ணன் காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"காலையிலேர்ந்து எனக்கு உக்காரப் பயிற்சி. காலை ஓரமா வெச்சுக்கோன்னு நாலு தடவை சொல்லிட்டார். நடுவுல வெச்சா கார்ப்பெட் அழுக்காயிடுமாம்."

டீயைக் கீழே வைத்தேன். பின்கதவைத் திறந்து பார்த்தேன். அதே தகரம், அதே ஓட்டை. சுற்றிலும் கறுப்புப் பெயின்ட் மட்டும் புதிது. மறந்துபோய் விட்டிருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன். இவன் மறக்கவில்லை. கால் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து, கணக்குப் போட்டு, அதற்கு ஒரு பொய்யும் தயார் செய்திருக்கிறான்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க" என்றேன்.

அண்ணி குனிந்தாள். கண்ணாடி மாற்றாத கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"நான் முன்னாடி உக்காந்து ஓட்டறேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீங்க பின்னாடி உக்காருங்க" என்றாள் அவனிடம்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"சும்மா வாசல் வரைக்கும்தான். ஏறுங்க."

ஏறவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவன், அந்தக் கறுப்புத் தகரத்தைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மெதுவாக அவளைப் பார்த்து, "புதுப் பெயின்ட், கால் பட்டா உரிஞ்சிடும்" என்றான்.