கல் இறக்கிய இடம்

சினிமாக்காரர்களுக்குப் பேய் வேண்டியிருந்தது. மஞ்சப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் அதற்குப் பஞ்சமில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எழுபத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் இரண்டு வேனும் ஒரு ஜெனரேட்டருமாகப் போடிமெட்டு ஏறி வந்து, பூட்டிக் கிடந்த பழைய துரை பங்களாவில் இறங்கினார்கள். பங்களாவில் கொலையுண்ட ஒருத்தியின் ஆவி இன்னொருத்தியைப் பிடித்துக்கொள்கிறது, மதராசிலிருந்து ஒரு துப்பறிபவர் வந்து கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார், இவ்வளவுதான் கதை. பனிக்காக இத்தனை தூரம் வந்தவர்கள் பனி இறங்காத நாளில் சாம்பிராணியைக் கொட்டிப் புகை போட்டார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த பெண்கள் சிரித்து மாய்ந்தார்கள்.

குருவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பத்து மாதமாகவே அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அம்மா செத்த பிறகு தங்கை சின்னத்தாயைத் தன்னோடு வைத்து வளர்த்தவள் அவள். கல்யாணமாகிப் புருஷன் சோலை வீட்டுக்கு வந்தபோதும் கூடவே கூட்டிவந்தாள். போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சின்னத்தாய் வந்து சேரவில்லை. அன்று காலையில் அவளை மேல்மலையில் தனி நிரையில் கொழுந்து பறிக்க விட்டவன் கங்காணி மொக்கையன். செக்போஸ்ட் பக்கம் ஒரு ஜவுளிக்காரன் ஜீப்பில் அவள் ஏறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னவனும் அவனே. ஊர் அதை நம்பியது. கேரளப் போலீஸ் ஸ்டேஷனில் மலையாளத்தில் ஒரு தாள் எழுதி, பிராயமான பெண்தானே, வருவாள் என்று அனுப்பிவிட்டார்கள்.

குருவம்மாள் நம்பவில்லை. திருவிழாவுக்கென்று போடியில் வாங்கிய புதுச் செருப்பு, காகிதம்கூடப் பிரிக்காமல் பரணில் இருந்தது. ஓடிப்போகிறவள் அதை விட்டுவிட்டா போவாள்? மொக்கையன்தான் ஏதோ செய்துவிட்டான் என்பது அவள் மனசில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஆனால் கொழுந்து பறிக்கிற ஒருத்தி கங்காணியைக் கை நீட்டிக் கேட்டால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.

அந்தச் சமயத்தில் தாங்கிப் பிடித்தவன் சோலைதான். வேலையை விட்டுவிட்டுப் பத்து நாள் போடி, தேனி என்று மச்சினியைத் தேடி அலைந்தான். தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து பெண்பிள்ளை மாதிரி அழுதான். எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிக்கும் வேலை அவனுக்கு. தேடக் கிளம்பும் முன்பே, ஒழுகுகிறது என்று, மேல்மலைக்குப் போகும் மேல்பாதையில் மருந்து கலக்கும் பழைய தொட்டியை மண் போட்டு மூடியிருந்தான்; வந்த கையோடு அதன் மேல் ஒரு சௌசௌ கொடி நட்டான். கொடி அபாரமாகக் காய்த்தது. அவன் மட்டும் அந்தக் காயைத் தொட மாட்டான். குளிர்ச்சி, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பான். மனுஷன் சளித் தொந்தரவுக்காரன், சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

நல்லவன்தான், ஆனால் பேய் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். பொழுது சாய்ந்தால் கொல்லைப்பக்கம் போக அவளைத் துணைக்குக் கூப்பிடுவான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தாயத்து மட்டும் இரண்டு கட்டியிருந்தான். லயத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கேலி செய்வார்கள்.

ஷூட்டிங்கின் மூன்றாம் நாள் குருவம்மாள் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். தொப்பி வைத்த துப்பறிபவர் தன் உதவியாளிடம் வசனம் பேசிக்கொண்டிருந்தார். "ஆவியைப் பார்க்காதே. ஆவியைப் பார்க்கிறவர்களைப் பார். குற்றவாளியின் முகம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்." நாக்குக் குழறி நாலு தடவை அதையே சொன்னார். நாலு தடவையும் குருவம்மாள் கேட்டாள்.

மறுநாள் உதவி டைரக்டர் சகாயம் லயத்துக்கு வந்தான். நாகர்கோவில்காரன், நல்ல வாயாடி. "நீளமா முடி இருக்கிற பொண்ணு ஒருத்தி வேணும். பேய் ஓட்டினதும் அது தலையில கல்லைத் தூக்கிட்டு மரம்வரைக்கும் ஓடும். எங்க ஹீரோயினம்மா அட்டை கடிக்கும்னு பங்களாவை விட்டு இறங்க மாட்டேங்கிறாங்க. முதுகுதான் தெரியும், முகம் தெரியாது."

பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஒதுங்கினார்கள். கல் சுமந்து ஓடுவது விளையாட்டுக் காரியமில்லை. பேய் பிடித்தவள் கல்லை எங்கே இறக்குகிறாளோ அங்கேதான் பேய் தங்கும். அவள் ஓடும்போது எல்லாரும் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வந்து நிற்கிறவன் மேல் அது தாவிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"நான் ஓடுறேன்" என்றாள் குருவம்மாள்.

அன்று சாயங்காலம் சோலை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் குருவு. வெளையாட்டுக்குக்கூட அதச் செய்யக் கூடாது. நெசமாவே வந்து ஏறிக்கிரும்."

"ஏறட்டுமே. ஏறுனா நல்லதுதான்."

"என்ன பேச்சுப் பேசுற நீ?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவனிடம் சொன்னால் பயத்தில் தடுத்துவிடுவான். அவள் போட்ட கணக்கு வேறு. கேமரா ஓடும்போது அவர்கள் காட்டிய மரத்துக்குப் போகப் போவதில்லை. மொக்கையன் எங்கே நிற்கிறானோ அங்கே போய், அவன் காலடியில் கல்லைப் போட்டு, "என்னை எங்கடா வச்சிருக்க?" என்று தங்கையாகக் கேட்கப் போகிறாள். குருவம்மாள் கேட்டால் வேலை போகும். பேய் கேட்டால் பதில் வந்தாக வேண்டும். நானூறு பேர் அவன் முகத்தைப் பார்க்கட்டும்.

மறுநாள் மத்தியானம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எஸ்டேட்டே கூடிவிட்டது. சாம்பிராணிக்கு வேலை வைக்காமல் நிஜப் பனியே இறங்கியது. சகாயம் அட்டையில் செய்து சாயம் பூசிய கல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். குருவம்மாள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஓடைப் பக்கம் போய் இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அதுவரை கசகசவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது.

"பலே!" என்றார் டைரக்டர். "அந்த மரத்தைப் பாரும்மா. நேரா அங்கே ஓடு. ஸ்டார்ட்!"

அவள் ஓடினாள். பத்தடி போனதும் மரத்தை விட்டுத் திரும்பினாள். மொக்கையன் லயத்துப் பக்கம் நிற்பான் என்று நினைத்திருந்தாள். அவனோ கூட்டத்தை விலக்க ஒரு குச்சியோடு மேல்பாதை தொடங்கும் இடத்தில் நின்றான். அதனால் அவளும் மேல்பாதைப் பக்கம் ஏறினாள். பின்னாலிருந்து டைரக்டர் கத்தினார். கேமராக்காரர் என்ன நினைத்தாரோ, நிறுத்தாமல் அவள் பின்னால் கேமராவைத் திருப்பினார்.

கல் கனத்தது. கழுத்து நரம்பு தெறித்தது. அவளுக்கு மொக்கையன் முகம் மட்டுமே தெரிந்தது. அவன் அவளைக் கண்டதும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு சட்டென்று ஒதுங்கினான். தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டான். பேயைக் கண்டு ஒதுங்குகிற எந்த மனுஷனும் செய்வது அது. அவள் தேடி வந்தது அந்த முகத்தில் இல்லை.

குருவம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிற்க நினைத்தாள், கால் நிற்கவில்லை. கல்லின் பாரம் தள்ளியதோ, வேறு எது தள்ளியதோ, மேலும் பத்தடி ஏறினாள். பனிக்குள் சௌசௌப் பந்தல் தெரிந்தது.

அப்போதுதான் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவள் முன்னால் நின்றான். இரண்டு கையையும் விரித்து, பாதையை மறித்து நின்றான். கொல்லைக்குப் போகத் துணை கேட்கிறவன். இரண்டு தாயத்து கட்டியவன்.

"அங்க போகாத" என்றான் சோலை. "சின்னு, அங்க போகாத. ஒன்னக் கும்புடுறேன், தொட்டிப் பக்கம் போகாத சின்னு."

குருவம்மாள் இன்னும் வாயே திறக்கவில்லை. தங்கை பேரை அவள் உச்சரிக்கவில்லை. சினிமாப் பேய்க்கு அவர்கள் வைத்திருந்த பேர் வேறு. சின்னத்தாயைச் சின்னு என்று கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் கொடியைப் பார்த்தாள். பொரியலும் கூட்டுமாக எத்தனை நாள் சமைத்திருப்பாள், எத்தனை நாள் தின்றிருப்பாள்.

"சத்தம் போட்டுட்ட சின்னு" என்று அவன் அழுதான். "நான் மருந்து கலக்க வந்த எடத்துல ஒன் கையத்தான் புடிச்சேன். நீ சத்தம் போடாம இருந்திருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து மொக்கையன் குரல் வந்தது. "ஏத்தா, நான் எங்க ஜீப்பப் பாத்தேன்? இவந்தான் பாத்தேன்னான். குடும்ப மானம் போகுது, நீங்க பாத்ததாச் சொல்லுங்க கங்காணின்னு காலப் புடிச்சான்."

"யாருய்யா அந்த ஆளு?" என்று கீழேயிருந்து டைரக்டர் கத்தினார். "ஃப்ரேமை விட்டு வெளியே இழுங்க அவனை!" யாரும் நகரவில்லை. தொப்பி வைத்த துப்பறிபவர் கூட்டத்தோடு ஏறி வந்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

குருவம்மாள் தலையிலிருந்து கல்லை எடுத்தாள். ஓங்கிப் போட்டிருக்கலாம். அவன் தலைக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்கவும் செய்தாள். பிறகு குனிந்து, பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி, அவன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் மெல்ல இறக்கி வைத்தாள். கூட்டம் ஒரே மூச்சாகப் பின்வாங்கியது. சோலை காலை நகர்த்தவில்லை. அவனால் முடியவில்லை.

"பத்து நாளு" என்றாள் அவள். குரல் அவளுடையதாகத்தான் இருந்தது. "பத்து நாளு தேனியில யாரய்யா தேடுன?"

அவன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு போய், பந்தலுக்கடியில் மண்டியிட்டு, கொடியின் தூரைப் பிடித்து இழுத்தாள். அது வர மறுத்தது. வேர் ரொம்ப ஆழம் போயிருந்தது.